வெயில் பட்டால் ஆக்சிஜன் கெட்டுப்போகுமா?

மட்டக்களப்பில், காலை எட்டு மணி வெயிலில், ஒரு சிலிண்டருக்குத் துண்டால் குடைபிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றிருக்கிறேன். நைட்ராக்ஸ் படிப்பு முடித்துச் சான்றிதழ் கைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாத நேரம் அது. நைட்ராக்ஸ் என்றால் சாதாரணக் காற்றைவிட ஆக்சிஜன் கூடுதலாகச் சேர்த்த காற்று. கடலில் இறங்கும் முன் தன் சிலிண்டரில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று அவரவரே அளந்து, டேப்பில் எழுதி ஒட்ட வேண்டும். நான் ஆக்சிஜன் அளக்கும் கருவியான அனலைசரைக் கையில் எடுத்ததும், பக்கத்தில் இருந்த மூத்த டைவர் முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லாமல் சொன்னார்: “தம்பி, வெயில் படாம அளங்க. ஒட்சிசன் வெயிலுக்குக் கெட்டுப்போகும்.”

துண்டை எடுத்து மறைத்தேன். அவர் விடவில்லை. சிலிண்டருக்கு மஞ்சள் பெயின்ட் அடிப்பது வெயிலைத் திருப்பி அனுப்பவாம். பச்சைப் பட்டை போடுவது, அதையும் மீறி உள்ளே போன வெயிலை ஒளிச்சேர்க்கைக்கு எடுத்துக்கொள்ளவாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். “ராத்திரி டைவுக்கு ரெண்டு சதவீதம் கூடப் போட்டுக்கோங்க. இருட்டுல ஒட்சிசன் தூங்கிடும்” என்றபோதுதான் பின்னால் ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி) மாட்டிக்கொண்டிருந்த இருவர் அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்தார்கள்.

(இலங்கைப் பாடப்புத்தகத்தில் அது ஒட்சிசன், எங்கள் பாடப்புத்தகத்தில் ஆக்சிஜன். இனி என் பழக்கப்படியே எழுதுகிறேன்.)

ஏமாந்ததில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஏன் ஏமாந்தேன் என்று யோசித்தால்தான் விஷயம் பிடிபடுகிறது. அதற்கு முந்தைய வாரம் வகுப்பில் எனக்குச் சொல்லித்தந்தவற்றைப் பாருங்கள். ஆக்சிஜன் ஆழத்தில் நஞ்சு. கையில் எண்ணெய் இருந்தால் ஆக்சிஜன் வால்வைத் தொடாதே. அனலைசருக்குள் இருக்கும் செல், அலமாரியில் சும்மா கிடந்தாலும் காற்றுப் பட்டே தேய்ந்துபோகும். அறுபது மீட்டர் ஆழத்தில் நன்றாகச் சுவாசிக்கக்கூடிய ஒரு கலவையைப் படகில் உட்கார்ந்து சுவாசித்தால் மயங்கி விழுவாய். இந்த நான்கும் உண்மை. இவற்றை நம்பிய எனக்கு ஐந்தாவதாக ‘வெயிலில் கெட்டுப்போகும்’ என்பதை மட்டும் நம்பாமல் இருக்க என்ன காரணம் இருந்தது?

டெக்னிக்கல் டைவர்கள் இந்த மாதிரிப் போலி அறிவியலில் கைதேர்ந்தவர்கள். பொழுதுபோக்கு டைவிங்குக்கு 40 மீட்டர் எல்லை. அதையும் தாண்டிப் போகிறவர்கள், மேலே வரும் வழியில் ஆங்காங்கே நின்று நின்று வரவேண்டியவர்கள், உடம்பில் மூன்று நான்கு சிலிண்டர் மாட்டிக்கொண்டு ஒவ்வோர் ஆழத்துக்கும் ஒரு வாயு என்று மாற்றிச் சுவாசிப்பவர்கள், இவர்களைத்தான் டெக்னிக்கல் டைவர் என்கிறோம். இடம் மாறி வாயில் வைத்தால் உயிரைப் பறிக்கும் வாயுக்களோடு நாள் முழுக்கப் புழங்குகிறவர்களுக்கு வாயுக்களைப் பற்றித்தானே நகைச்சுவையும் வரும்.

சரி, துண்டுக்கு வருவோம். சிலிண்டர் இரும்பு அல்லது அலுமினியம். அதற்குள் கும்மிருட்டு. வெயில் உள்ளே போக வழியே இல்லை. கதை அங்கேயே முடிந்தது. கண்ணாடிச் சிலிண்டர் என்றே வைத்துக்கொண்டாலும் ஒன்றும் ஆகாது. ஆக்சிஜன் மூலக்கூறை ஒளியால் உடைக்க முடியும், ஆனால் அதற்கு 242 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளம் கொண்ட புறஊதாக் கதிர் வேண்டும். வானத்தின் மேலடுக்கில் அது நடக்கிறது. உடைந்த அணுக்கள் மற்ற ஆக்சிஜன் மூலக்கூறுகளோடு ஒட்டி ஓசோன் ஆகின்றன. அந்த ஓசோனும் ஆக்சிஜனுமே அந்த வகைக் கதிர்களை மேலேயே வடிகட்டிவிடுவதால் தரைக்கு வந்துசேரும் வெயிலில் அது இல்லை. ஆக, மூத்த டைவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அடுக்குமண்டலத்தில் நடப்பதைப் படகுக்கு இறக்கிக்கொண்டு வந்துவிட்டார். நல்ல டைவர் ஜோக்கின் பக்குவமே இதுதான். உள்ளே ஒரு சிட்டிகை உண்மை இருக்க வேண்டும்.

வெயிலின் ஒளிக்கு வேலையில்லை என்றாலும் சூட்டுக்கு உண்டு. மூடிய சிலிண்டரில் வெப்பம் ஏறினால் அழுத்தமும் ஏறும். 20 டிகிரியில் 200 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) காட்டிய சிலிண்டர் 50 டிகிரிக்குச் சூடானால் சுமார் 220 பார் காட்டும். டிகிரிக்கு முக்கால் பாருக்குக் கொஞ்சம் குறைவு என்று மனக்கணக்கு போட்டுக்கொள்ளலாம். கடையில் சூடாக நிரப்பித் தந்த சிலிண்டரைத் தண்ணீரில் இறக்கியதும் அழுத்தம் காட்டும் முள் சட்டென்று இறங்குவதைப் பார்த்து, கசிகிறதோ என்று பயப்படாத புது டைவர் இருக்கமாட்டார். யாரும் திருடவில்லை, குளிர்ந்திருக்கிறது. சதவீதம் மட்டும் அப்படியே இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. அனலைசரில் இருக்கும் செல் ஒரு சின்ன பேட்டரி. உள்ளே ஈயத் தகடு, காரக் கரைசல், மெல்லிய சவ்வு. சவ்வைத் தாண்டி வரும் ஆக்சிஜன் ஈயத்தோடு வினைபுரியும்போது சில மில்லிவோல்ட் மின்சாரம் பிறக்கிறது. சாதாரணக் காற்றில் சுமார் 10 மில்லிவோல்ட். ஆக்சிஜன் கூடினால் மில்லிவோல்ட்டும் அதே விகிதத்தில் கூடும். கருவி அதைச் சதவீதமாக மாற்றிக் காட்டுகிறது. ஈயம் தீர்ந்தால் செல் செத்தது. காற்றிலேயே 21 சதவீதம் ஆக்சிஜன் இருப்பதால், உறையைப் பிரித்த நாளிலிருந்தே அதன் ஆயுள் ஓடத் தொடங்கிவிடும். இந்த வினை சூட்டில் வேகம் பிடிக்கும். ஈடுகட்ட உள்ளே ஏற்பாடு இருந்தாலும், நிழலில் காற்றை வைத்துச் சரிசெய்த கருவியைக் கொதிக்கும் வெயிலில் கொண்டுபோய் வைத்து அளந்தால் எண் நகரும். ஆக, நான் துண்டு பிடித்தது முழு வீணும் இல்லை. சிலிண்டருக்குப் பிடித்ததை அனலைசருக்குப் பிடித்திருக்க வேண்டும்.

ஆக்சிஜனுக்கும் வெயிலுக்கும் நிஜமாகவே ஒரு பழைய உறவு உண்டு. 1774 ஆகஸ்ட் 1ஆம் தேதி, இங்கிலாந்தில் ஜோசஃப் பிரீஸ்ட்லி பன்னிரண்டு அங்குல விட்டமுள்ள பெரிய லென்ஸால் வெயிலைக் குவித்துச் செந்நிறப் பாதரச ஆக்சைடின்மேல் விழச் செய்தார். அதிலிருந்து வெளிவந்த வாயுவில் மெழுகுவத்தி பளீரென்று எரிந்தது. பிறகு ஓர் எலியை அதில் அடைத்துப் பார்த்தார், தானும் சுவாசித்துப் பார்த்தார். இதை மேதாவித்தனம் என்பதா, துணிச்சல் என்பதா தெரியவில்லை. நெஞ்சு லேசாக இருந்தது என்று குறித்துவைத்தார். கூடவே ஒரு சந்தேகமும் எழுப்பினார்: இந்த வாயுவில் மெழுகுவத்தி சீக்கிரம் எரிந்து தீர்வதுபோல் மனிதனும் சீக்கிரம் வாழ்ந்து தீர்ந்துவிடுவானோ? ஆழ்கடல் டைவருக்கு இதைப் படித்தால் சிலிர்க்கும். அவர் நினைத்த வழியில் இல்லாவிட்டாலும், சந்தேகப்பட்டது சரியான ஆளைத்தான்.

ஐந்து வருடம் கழித்து, 1779இல், யான் இங்கன்ஹவுஸ் இலைகளைத் தண்ணீரில் மூழ்கவைத்துப் பார்த்தார். வெயிலில் வைத்தால் இலைமேல் குமிழ்கள் பூத்தன, இருட்டில் வைத்தால் நின்றுபோயின. குமிழுக்குள் இருந்தது ஆக்சிஜன். செடிக்கு வேண்டியது சூடு இல்லை, ஒளிதான் என்பதையும் அவர்தான் பிரித்துக் காட்டினார். தெளிந்த நண்பகலில் ஆழமில்லாத கடலில் பாசிமேல் முத்து முத்தாகக் குமிழ் நிற்பதை ஸ்நார்க்கல் போடுகிறவர்களும் பார்க்கலாம்.

இந்த இடத்தில் நம்மூர் விஷயம் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட மனமில்லை. ‘அரசமரம் இரவிலும் ஆக்சிஜன் விடும்’ என்று வாட்ஸ்அப்பில் வருடத்துக்கு நான்கு முறையாவது எனக்கு வந்துவிடும். ஒளி இல்லாமல் செடியால் தண்ணீரை உடைத்து ஆக்சிஜன் எடுக்க முடியாது. இரவில் மரமும் நம்மைப்போல ஆக்சிஜனை உள்ளே இழுக்கும் ஆள்தான். சில செடிகள் இரவில் கார்பன் டை ஆக்சைடை வாங்கிச் சேமித்துக்கொள்ளும், பகலில் செலவழிக்கும். அதை யாரோ தப்பாகக் கேட்டுக்கொண்டு கிளப்பிவிட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். 2021இல் கற்பூரம், ஓமம், கிராம்பு மூன்றையும் துணியில் கட்டி முகர்ந்தால் உடம்பில் ஆக்சிஜன் ஏறும் என்று சுற்றியது நினைவிருக்கும். ‘இருட்டில் ஆக்சிஜன் தூங்கிவிடும்’ என்பதும் இவையும் ஒரே குடும்பம்போலத் தெரிந்தாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. படகில் அதைச் சொன்னவருக்கு அது பொய் என்று தெரியும். கேட்பவரும் பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்வார். தெரிந்துகொள்ள ஒரு சின்னப் பெருக்கல் கணக்கு போதும்.

அந்தக் கணக்கின் பெயர் பகுதி அழுத்தம்.

கடல்மட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். அதில் ஆக்சிஜன் 21 சதவீதம். ஆக, அந்த 1 பாரில் ஆக்சிஜனின் பங்கு 0.21 பார். இதுதான் பகுதி அழுத்தம். நுரையீரலும் ரத்தமும் மூளையும் பார்ப்பது இந்த எண்ணைத்தான். சதவீதம் அவற்றுக்குத் தெரியாது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் 1 பார் கூடும். 10 மீட்டரில் மொத்தம் 2 பார், 20 மீட்டரில் 3 பார். டைவர் சுவாசிக்கும் காற்றும் அதே அழுத்தத்தில்தான் வரும், இல்லையென்றால் நெஞ்சை விரிக்கவே முடியாது. எனவே 20 மீட்டரில் அதே 21 சதவீதக் காற்றில் ஆக்சிஜனின் பங்கு 0.63 பார். சிலிண்டரில் யாரும் கூடுதலாக ஆக்சிஜன் சேர்க்கவில்லை, ஆனால் உடம்பைப் பொறுத்தவரை 63 சதவீத ஆக்சிஜனைத் தரையில் உட்கார்ந்து சுவாசிப்பதற்குச் சமம்.

இந்தப் பங்கு 0.16 பாருக்குக் கீழே போனால் மயக்கம் வரலாம். மேலே 1.4 பார் வரை வேலை செய்யும் டைவருக்குச் சரி. அசையாமல் தொங்கிக்கொண்டு ஓய்வாக நிற்கும் கட்டத்தில் 1.6 வரை விடுவார்கள். அதற்கு மேல் போனால் எச்சரிக்கை இல்லாமலே வலிப்பு வரக்கூடும். தரையில் வந்தால் ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார். தண்ணீருக்குள் வந்தால் வாயிலிருந்து ரெகுலேட்டர் விழும், மூழ்கிவிடுவார். ஆக்சிஜன் நஞ்சு என்று சொன்னது இதைத்தான்.

மட்டக்களப்பையே எடுத்துக்கொள்வோம். உலகம் முழுவதிலிருந்தும் டெக்னிக்கல் டைவர்கள் அங்கே வரக் காரணம் ஹெர்மிஸ் கப்பல். பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டுபோட்டு மூழ்கடித்தது. கிடப்பது சுமார் 53 மீட்டரில். அங்கே மொத்த அழுத்தம் 6.3 பார். சாதாரணக் காற்றோடு போனால் 6.3 பெருக்கல் 0.21, அதாவது 1.32 பார். ஆக்சிஜன் கணக்கு எல்லைக்குள்தான் இருக்கிறது. அன்று என் துண்டுக்கு அடியில் இருந்தது 32 சதவீத நைட்ராக்ஸ். நல்ல தரமான, விலை கூடிய வாயு. அதைக் கொண்டு ஹெர்மிஸுக்கு இறங்கினால் 6.3 பெருக்கல் 0.32, இரண்டு பாருக்கும் மேல். ‘ஆக்சிஜன் அதிகம் என்றால் நல்லதுதானே’ என்று நினைப்பவர் அங்கே வலிப்பு வந்து சாகலாம். அந்தக் கலவைக்கு எல்லை 33 மீட்டர். டேப்பில் சதவீதத்தோடு இந்த ஆழத்தையும் எழுதி ஒட்டுவது அதனால்தான்.

அப்போது காற்றோடு போகலாமே என்றால், 53 மீட்டரில் நைட்ரஜன் மண்டையில் ஏறிக் குடித்தவர் மாதிரி ஆக்கிவிடும். அதனால் நைட்ரஜனைக் குறைத்து ஹீலியம் சேர்ப்பார்கள், அதுதான் டிரைமிக்ஸ். 21 சதவீத ஆக்சிஜன், 35 சதவீத ஹீலியம் போட்டால் 53 மீட்டரிலும் தலை ஏறக்குறைய 25 மீட்டரில் இருப்பதுபோல் தெளிவாக இருக்கும். இன்னும் ஆழம் போகிறவர்கள் ஆக்சிஜனை 10 சதவீதமாகக் குறைப்பதுண்டு. 60 மீட்டரில் அது 0.7 பார், ராஜபோகம். படகில் அதையே வாயில் வைத்தால் 0.1 பார், மயங்கிச் சரிந்துவிடுவீர்கள். இதை ஜோக்காகச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். திரும்பி மேலே வரும்போது 6 மீட்டரில் நின்று தூய ஆக்சிஜனுக்கு மாறுவார்கள். 1.6 பெருக்கல் 1. கணக்கு சரியாக எல்லைக்கோட்டில் நிற்கிறது.

ஆக்சிஜன் ஆழத்தில் நஞ்சாவதைக் கண்டுபிடித்தவர்கள் கதையும் ஜோக்குகளோடுதான் வருகிறது. 1878இல் பிரான்சில் பால் பெர், அழுத்தம் கூடிய ஆக்சிஜனில் பறவைகளுக்கு வலிப்பு வருவதைக் காட்டினார். ஆனாலும் இரண்டாம் உலகப்போர்க் காலம் வரை டைவர்கள் இதைச் சரியாக மனதில் வாங்கவில்லை. 1942இல் பிரிட்டிஷ் கடற்படையின் சோதனைப் பிரிவில் கென்னத் டொனால்ட் என்ற மருத்துவர், தூய ஆக்சிஜன் சுவாசித்துப் போகவிருந்த ரகசிய டைவர்களைத் தொட்டிக்குள் இறக்கி முறையாகச் சோதித்தார். ஒரே டைவர், ஒரே ஆழம், ஒரே வாயு. மூன்று மாதத்தில் இருபது முறை இறக்கியதில், ஒரு நாள் 7 நிமிடத்தில் அறிகுறி வந்தது, இன்னொரு நாள் 148 நிமிடம் தாக்குப்பிடித்தார். நேற்று ஒன்றும் ஆகவில்லை என்பது இன்றைக்கு உத்தரவாதமில்லை என்பதை இதைவிடப் பச்சையாகச் சொல்ல முடியாது. அந்தத் தொட்டியில் இறங்கியவர்கள் ‘ஆக்சிஜன் பீட்’ என்று ஒரு பூதத்தைக் கற்பித்துக்கொண்டார்கள். தொட்டியின் அடியில் குடியிருக்குமாம், அசந்த டைவரைப் பிடித்துக்கொள்ளுமாம். வலிப்பு வந்தவரைப் பீட் பிடித்துவிட்டான் என்பார்கள். ஊரில் முனி அடித்துவிட்டது என்று சொல்வோமே, அதேதான். என்ன, இவர்களுக்குப் பீட் எந்த அழுத்தத்தில் வருவான் என்று தெரியும்.

அதே காலத்தில் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே. பி. எஸ். ஹால்டேன் தன் உடம்பையே சோதனைக்கூடமாக்கினார். ஆக்சிஜன் வலிப்பில் முதுகெலும்பு அடிபட்டது. அழுத்த மாற்றத்தில் செவிப்பறை கிழிந்தால் பெரும்பாலும் ஆறிவிடும், ஓட்டை மிஞ்சினால் அந்தக் காது வழியாகப் புகை விடலாம், விருந்தில் எடுபடும் வித்தை என்று எழுதிய மனிதர். பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்து குடியுரிமை வாங்கி, 1964இல் புவனேஸ்வரத்தில் இறந்தார்.

எண்ணெய் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆக்சிஜன் தானாக எரியாது, மற்றதை எரியவைக்கும். தூய ஆக்சிஜன் சிலிண்டரின் வால்வைப் படாரென்று திறந்தால், எதிர்ப்பக்கம் அடைபட்ட சின்ன இடத்தில் வாயு நசுங்கிக் கடும் சூடாகும், சைக்கிள் பம்பின் அடி சுடுவதுபோல, ஆனால் பல மடங்கு. அந்த இடத்தில் ஒரு துளி கொழுப்பு இருந்தால் தீப்பொறியே வேண்டாம். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு ஆக்சிஜன் ரெகுலேட்டரைத் தொட்டால் மூத்த டைவர்கள் கத்துவார்கள். அது ஜோக் இல்லை, கை கழுவிவிட்டு வாருங்கள். வால்வை மெல்லத் திறங்கள்.

2024 ஜூலையில் ஒரு செய்தி வந்தது. பசிபிக் பெருங்கடலில், ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் நடுவே, சுமார் 4,000 மீட்டர் ஆழத்தில், வெயிலின் ஒரு துளிகூடப் போகாத இருட்டில், கடலடியில் கிடக்கும் உருளைக்கிழங்கு அளவு உலோகக் கற்கள் ஆக்சிஜன் விடுகின்றன என்று ‘நேச்சர் ஜியோசயன்ஸ்’ இதழில் ஒரு குழு எழுதியது. கல்லின் மேற்பரப்பில் இருக்கும் சின்ன மின்னழுத்தம் தண்ணீரைப் பிளக்கிறதோ என்பது அவர்கள் ஊகம். ‘இருட்டு ஆக்சிஜன்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். பல விஞ்ஞானிகள் ஏற்கவில்லை, அளவீட்டிலேயே கோளாறு என்கிறார்கள், சண்டை ஓய்ந்தபாடில்லை.

அடுத்த முறை மட்டக்களப்புக்குப் போனபோது இதை அந்த மூத்த டைவரிடம் ஆசையோடு சொன்னேன். “அண்ணே, நாலாயிரம் மீட்டர்ல, வெயிலே இல்லாத இடத்துல, கல்லு ஒட்சிசன் விடுதாம். பெரிய பத்திரிகையிலயே வந்திருக்கு.”

அவர் டேப்பைப் பல்லால் கிழித்துச் சிலிண்டரில் ஒட்டி, 32 என்று எழுதி, அதன் கீழே 33 என்று எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“தம்பி, துண்டு பிடிச்ச கோபம் இன்னும் போகல்லையா?”